உங்க பொண்ணு எந்தக் காலேஜ் சார்?

அந்தக் கல்லூரியில் அவரை எல்லோரும் மைக் சார் என்றுதான் கூப்பிடுவார்கள். இயற்பியல் வாத்தியார். வகுப்பில் சுமாராகத்தான் நடத்துவார். ஆனால் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டால் ஆளே மாறிப்போவார். அதனால் வருடா வருடம் பள்ளிப் பரீட்சை முடிவு வந்த கையோடு, பெற்றோர்களைக் கூட்டிவைத்துக் கல்லூரியைப் பற்றிப் பேசுகிற வேலை அவர் தலையில் விழும். கல்லூரி ஒன்றும் பேர்போனதில்லை. நகரத்தின் ஓரத்தில், சரக்குக் கிடங்குகளுக்கு நடுவில் நிற்கும் மூன்று மாடிக் கட்டடம். வேறெங்கும் இடம் கிடைக்காதவர்கள் கடைசியாக வந்து கதவைத் தட்டுகிற இடம். வந்தவர்களை, இதைத்தான் முதலிலிருந்தே தேடிக்கொண்டிருந்தோம் என்று நம்பவைத்து அனுப்புவதில் மைக் சார் கெட்டிக்காரர்.

அந்தச் சனிக்கிழமையும் அரங்கம் நிரம்பியிருந்தது. நாற்காலி போதாமல் ஆய்வகத்து முக்காலிகளையெல்லாம் தூக்கி வந்து போட்டிருந்தார்கள். மின்விசிறி ஒன்று கடகடவென்று தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது.

"உங்க பிள்ளை நடுத்தர மார்க்கா? தலையைக் குனியாதீங்க!" என்றார் மைக் சார். "பெரிய காலேஜ்ல கடைசி வரிசையில உக்காந்து எட்டிப் பாக்கறதைவிட, இங்க வாத்தியார் கண்ணுக்கு நேரா உக்காந்து படிக்கலாம். அங்க உங்க பிள்ளை ஒரு நம்பர். இங்க உங்க பிள்ளைக்கு ஒரு பேர் இருக்கும்."

கைதட்டல். முன்வரிசையில் கல்லூரி முதல்வர் திருப்தியாகக் கால்மேல் கால் போட்டுக்கொண்டார். பக்கத்தில் கணக்கு மேடம், இந்தப் பேச்சை எத்தனையோ வருடமாகக் கேட்டவர், கொட்டாவியைக் கைக்குட்டைக்குள் மறைத்தார்.

"யாராவது ஏதாவது கேக்கணும்னா கேளுங்க."

மூன்றாவது வரிசையில் ஒரு அம்மாள் எழுந்தார். ஒல்லியான ஆள். கடை வேலையைப் பாதியில் விட்டு வந்தவர் போல மேலே நீல அங்கி. அவர் கைகள் மட்டும் முகத்தைவிட வெளுத்திருந்தன. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகன், "அம்மா, சும்மா இரும்மா" என்று அங்கியைப் பிடித்து இழுத்தான். அவர் தட்டிவிட்டார்.

"சார், எனக்கு சலவைக் கடை. சுத்தி வளைச்சுப் பேச வராது. உங்களுக்குப் பிள்ளைங்க இருக்கா?"

"ஒரு பொண்ணு இருக்காம்மா."

"என்ன பண்றா?"

"இப்பதான் பள்ளிக்கூடம் முடிச்சிருக்கா. உங்க பையன் செட்டுதான்."

"மார்க்கு?"

கூட்டம் சிரித்தது. மைக் சாரும் சிரித்தார். "என்னை மாதிரியேதான். நடுத்தரம்."

இன்னும் பெரிய சிரிப்பு. அந்த அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை.

"அப்போ உங்க பொண்ணை எந்தக் காலேஜ்ல சேர்க்கப் போறீங்க சார்?"

மைக் சார் கையிலிருந்த மைக் திடீரென்று கனத்தது. ஏனென்றால் அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இருந்தது. அதைத்தான் சொல்ல முடியாது.

முந்தின நாள் சாயங்காலம்தான் வீட்டில் அது வெடித்திருந்தது. அவருடைய மகளை வீட்டில் சிட்டு என்று கூப்பிடுவார்கள். சிட்டு அவர் கல்லூரியிலேயே படிக்கிறேன் என்றாள். கூடவே கூடாது என்றார். நகரத்தின் நடுவில், மணிக்கூண்டுக் கல்லூரி என்று எல்லோரும் சொல்கிற பெரிய கல்லூரியில், அலுவலகத்தில் இருந்த ஒரு பழைய சிநேகிதனைப் பிடித்து, கெஞ்சிக் கூத்தாடி அவளுக்கு ஒரு இடம் வாங்கி வைத்திருந்தார். அந்த வகுப்பிலேயே குறைந்த மார்க்கு அவளுடையதாகத்தான் இருக்கும். இருந்தால் என்ன, பேர் பேர்தானே. திங்கட்கிழமை போய்க் கையெழுத்துப் போட்டால் முடிந்தது.

"இப்படித்தாம்ப்பா சிபாரிசு பிடிச்சு அந்தப் பெரிய ஸ்கூல்ல சேர்த்தீங்க" என்று சிட்டு சொன்னாள். "கடைசி பெஞ்சுல உக்காந்தேன். மிஸ்ஸுக்குக் கடைசி வரைக்கும் என் பேர் வாயில நுழையல. மறுபடியும் அதே பெஞ்சுக்கு என்னால போக முடியாது."

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இப்போது அரங்கம் அவர் பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தது. முதல்வர் காலை இறக்கிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். கணக்கு மேடத்தின் கைக்குட்டை மடியில் இறங்கியது. சலவைக் கடைக்கார அம்மாள் உட்காருவதாக இல்லை.

"இங்கதாம்மா" என்றார் மைக் சார். "வேற எங்க சேர்ப்பேன்?"

சொல்லி முடிப்பதற்குள் கைதட்டல் கூரையைத் தொட்டது.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் அவர் கையில் இல்லை. எழுந்து போக யோசித்துக்கொண்டிருந்தவர்கள்கூடச் சேர்க்கை மேசைக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள். முதல்வர் அவர் முதுகில் ஓங்கித் தட்டினார்.

"என்னய்யா மைக், எங்கிட்டகூட ஒரு வார்த்தை சொல்லலியே! பொண்ணு போட்டோ ஒண்ணு அனுப்புங்க. வாசல்ல பெரிய போர்டா வெச்சுடலாம். 'எங்கள் ஆசிரியரின் மகளும் இங்கேதான்'னு போட்டா போதும், வேற விளம்பரமே வேணாம்."

"இருக்கட்டும் சார், அதெல்லாம் எதுக்கு..."

"அட, சும்மா இருங்க."

மாடிப்படியருகே சலவைக் கடைக்கார அம்மாள் அவரைப் பிடித்துக்கொண்டார். மகன் பின்னால் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான்.

"சார், மனசுல எதுவும் வெச்சுக்காதீங்க. பட்டுன்னு கேட்டுட்டேன். இவனுக்கு ஸ்டேஷன் பக்கத்துல இருக்கற காலேஜ்லயும் எலக்ட்ரானிக்ஸ் கிடைச்சிருக்கு. எதுல போடறதுன்னு குழம்பிக்கிட்டே இருந்தோம். உங்க பொண்ணே இங்கதான்னா அப்புறம் என்ன? அதை வேணாம்னு சொல்லிடறேன்."

"அவசரப்படாதீங்கம்மா. நிதானமா யோசிச்சு..."

"யோசிச்சதெல்லாம் போதும். நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்க பாருங்க, அது போதும்."

எலக்ட்ரானிக்ஸ் என்று கேட்டதும் மைக் சார் பையனைத் திரும்பிப் பார்த்தார். அந்தத் துறையில் இருந்த நல்ல வாத்தியார்கள் இரண்டு பேரும் வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆய்வகத்தில் பாதிக் கருவிகள் அலமாரிக்குள் பூட்டியே கிடந்தன. திறந்தால் வேலை செய்யாது என்பது தெரிந்துவிடும் என்பதற்காகவே பூட்டியிருந்தது. அதெல்லாம் அவருக்குத் தெரியும். வாய் வரை வந்ததை மென்று விழுங்கிவிட்டு, "நல்லா படி தம்பி" என்று பையனின் தோளைத் தட்டிவிட்டு நகர்ந்தார்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் ஒரே யோசனை. யாருக்குத் தெரியப் போகிறது? கல்லூரி திறந்ததும், கடைசி நேரத்தில் மனசு மாறிவிட்டாள், இந்தக் காலத்துப் பிள்ளைகள் சொன்னால் கேட்கிறார்களா என்று சொல்லிச் சமாளித்துவிடலாம். இப்படிப் பூசி மெழுகிக்கொண்டே அவர் கதவைத் திறந்தார். திறந்ததும் சிட்டு ஓடி வந்து அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"தேங்க்ஸ்ப்பா! தேங்க்ஸ்! நேத்து அவ்வளவு கத்தினீங்களே, நீங்க மாற மாட்டீங்கன்னே நெனச்சேன்."

மருந்துக்கடையில் வேலை பார்க்கிற அவர் மனைவி, வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"கணக்கு மேடம் போன் பண்ணினாங்க" என்றார். "மேடையிலயே சொன்னீங்களாமே. கூட்டமே எழுந்து கை தட்டிச்சாம். நல்ல முடிவுன்னு சொன்னாங்க. நானும் தேங்க்ஸ் சொன்னேன். என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"அது... அங்க பேச்சுவாக்குல வந்துடுச்சு."

அதுதான் அவர் சொன்ன ஒரே உண்மை. இரண்டு பேரும் அதை வேறு மாதிரி புரிந்துகொண்டார்கள்.

அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மகள் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தைப் பார்த்து எத்தனையோ நாளாகிவிட்டது. அவள் எந்தப் பேருந்தில் போவது, மத்தியானம் அப்பாவோடு சாப்பிடலாமா கூடாதா, வகுப்பில் அப்பா என்று கூப்பிடலாமா சார் என்றுதான் கூப்பிட வேண்டுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் குளித்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டு மேசைமேல் கிடந்த அவருடைய போன் அடித்தது. வழக்கம்போலச் சிட்டு எடுத்தாள்.

குளியலறைக்குள்ளிருந்தே அவருக்கு அவள் குரல் கேட்டது. "ஆமாங்க அங்கிள்... நான்தான்... இல்லியே, எனக்குத் தெரியாதே... நாளைக்கா?" அப்புறம் சத்தமே இல்லை. தண்ணீரை நிறுத்திவிட்டு, துண்டைச் சுற்றிக்கொண்டு, ஈரக்காலோடு அவர் வெளியே வந்தபோது சிட்டு போனை மேசைமேல் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மணிக்கூண்டுக் காலேஜ் அங்கிள். நாளைக்குக் காலையில தவறாம வந்துடச் சொன்னார். நீங்க வெள்ளிக்கிழமையே சரின்னு சொல்லிட்டீங்களாம். நேத்து சாயங்காலம்கூட மறுபடி போன் பண்ணி, கண்டிப்பா வர்றோம்னு சொன்னீங்களாம்."

நேற்றுச் சாயங்காலம் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, தெருமுனையில் நின்று பேசிய பேச்சு அது.

"சிட்டு, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளு."

"அப்போ மேடையில சொன்னது?"

"அத்தனை பேர் முன்னாடி நிக்கவெச்சுக் கேட்டா நான் என்ன சொல்றது? முதல்வர் வேற உக்காந்திருக்கார். வேலைக்கே வேட்டு வெச்சுடுவாங்க."

"வீட்டுக்கு வந்து சொல்லியிருக்கலாமே. நான் கழுத்தைக் கட்டிக்கிட்டேனே, அப்பவாவது சொல்லியிருக்கலாமே."

மனைவி சமையலறை வாசலில் வந்து நின்றார். "நான் வேற தேங்க்ஸ் சொல்லித் தொலைச்சேன்" என்றார் மெதுவாக. அவர் சத்தம் போட்டிருந்தால் மைக் சாருக்குப் பரவாயில்லையாக இருந்திருக்கும்.

"உன் நல்லதுக்குத்தானே சொல்றேன்" என்று ஆரம்பித்தார். "எனக்கு அந்தக் காலேஜ் உள்ளும் புறமும் தெரியும். மழை பெய்ஞ்சா எந்த வகுப்புல ஒழுகும், எந்த வாத்தியார் புஸ்தகத்தைப் பாத்து ஒப்பிச்சுட்டுப் போவார், எல்லாம் தெரியும். உன்னை அங்க கொண்டுபோய்த் தள்ள எனக்கு மனசு வருமா?"

சிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். அழவில்லை.

"உங்க காலேஜ் நல்ல காலேஜா இல்லியாப்பா?"

"நல்ல காலேஜ்தான்."

"யாருக்கு?"

மைக் சார் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டார். துண்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"எனக்கு எந்தப் பாடமும் பிரமாதமா வராது" என்றாள் சிட்டு. "எது ரொம்பப் பிடிக்கும்னும் இன்னும் தெரியல. தெரிஞ்சுக்கறதுக்கு ஒரு இடம் வேணும்னுதான் கேட்டேன். உங்க காலேஜ்ல நீங்க இருக்கீங்க, தப்புப் பண்ணாலும் பயமில்லன்னு நெனச்சேன். இப்போ அங்க வந்தா நான் உங்க பொய்யைக் காப்பாத்தறதுக்கு வந்த மாதிரி இருக்கும். மணிக்கூண்டுக்கும் போக மாட்டேன். ரெண்டும் வேணாம்."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஓங்கிச் சாத்தவில்லை. கொக்கி விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

திங்கட்கிழமை காலை அந்தக் கதவு திறந்து கிடந்தது. கட்டில் சுருக்கமில்லாமல் இருந்தது. சிட்டு இல்லை. போன் அணைந்திருந்தது. அவளுடைய பள்ளிச் சான்றிதழ்கள் இருந்த உறையையும் காணோம்.

மைக் சார் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். தெருமுனைக் கடை, பேருந்து நிறுத்தம், அவள் தோழி வீடு என்று ஓடினார். தோழி அரைத்தூக்கத்தில் வந்து, "இங்க வரலியே அங்கிள்" என்றாள். மனைவி மருந்துக்கடைக்கு லீவு சொல்லிவிட்டுப் போனும் கையுமாக வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். மணிக்கூண்டுக் கல்லூரியிலிருந்து சிநேகிதன் மறுபடி மறுபடி கூப்பிட்டான். மூன்றாவது தடவைக்கு மேல் மைக் சார் எடுக்கவில்லை.

"போலீசுக்குப் போலாமா?" என்றார்.

"போய் என்னன்னு சொல்லப் போறீங்க?" என்றார் மனைவி. அந்த ஒரு கேள்வியில் அவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார். பக்கத்து வீட்டில் யாரோ சிரித்தால்கூட இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

வெயில் நன்றாக ஏறின பிறகு மனைவியின் போன் அடித்தது. புது நம்பர்.

"அம்மா, நான்தான். என் போன்ல சார்ஜ் இல்ல. ஆபீஸ் போன்ல பேசறேன்." சிட்டு சொன்ன ஊர், ரயிலில் போனால் கொஞ்ச தூரத்தில் இருக்கிற துறைமுக ஊர். "இங்க ஒரு காலேஜ் இருக்கும்மா. எங்க டீச்சர் ஒருத்தங்க சொல்லியிருந்தாங்க. என் மார்க்குக்கே இடம் இருக்கு, சிபாரிசெல்லாம் வேணாமாம். முதல் வருஷம் எல்லாரும் எல்லாப் பாடமும் படிக்கணும், அப்புறமாத்தான் எதுன்னு முடிவு பண்ணணும். எனக்குப் பிடிச்சிருக்கு." கொஞ்சம் நிறுத்தினாள். "பெரியவங்க கையெழுத்து வேணுமாம். அம்மா, நீ வர்றியா?"

மனைவி போனைக் கையால் மூடிக்கொண்டு கணவரைப் பார்த்தார். "என்னைத்தான் கூப்பிடறா" என்றார். அப்புறம், "நீங்களே போங்க" என்றார்.

ரயிலிலிருந்து இறங்கும்போதே காற்றில் உப்பு வாடை அடித்தது. கல்லூரி என்று சொல்லிக்கொள்கிற அளவுக்கு அங்கே வாசலில் ஒன்றும் இல்லை. பழைய சுங்கக் கட்டடத்தை வெள்ளையடித்து வகுப்பறைகளாக மாற்றியிருந்தார்கள். சிட்டு வாசல் பெஞ்சில் உறையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்ததும் அவள் முகம் சுண்டிப்போனது.

"அம்மா வரலியா?"

"நான்தான் வந்தேன். திட்ட வரல."

அவள் நகர்ந்து இடம் விட்டாள். அவர் உட்காரவில்லை. "உள்ள சுத்திப் பாத்துட்டு வர்றேன்" என்று போனார்.

ஒரு கல்லூரியில் எதை மறைப்பார்கள் என்று மைக் சாருக்குத் தெரியும். இருபது வருடம் மறைத்தவர் ஆயிற்றே. ஆய்வகத்தில் அலமாரிக் கதவுகளை இழுத்துப் பார்த்தார். திறந்தன. உள்ளேயிருந்த கருவிகள் பழசுதான். ஆனால் கைப்பிடிகள் தேய்ந்திருந்தன, தூசி இல்லை. நூலகம் சின்னது. கழிப்பறை ஒன்றில் குழாய் உடைந்து தண்ணீர் வழிந்தோடிக்கொண்டிருந்தது. தாழ்வாரத்தில் நின்ற ஒரு மாணவனை நிறுத்தி, "முதல் வருஷத்துக்கு யார் பாடம் எடுக்கறாங்க, புதுசா வந்தவங்களா?" என்று கேட்டார். "இல்ல சார், பழைய ஆளுங்கதான் எடுப்பாங்க. புதுசா வந்தவங்களைப் பின்னாடி உக்காரவெச்சு முதல்ல கேக்கச் சொல்வாங்க" என்றான் அவன்.

திரும்பி வந்தபோது சிட்டு எழுந்து நின்றாள். அடி வாங்கத் தயாரானவள் போல.

"ஹாஸ்டல் பக்கம் கழிப்பறைக் குழாய் உடைஞ்சு கிடக்கு" என்றார். "இங்கிலீஷுக்கு ஆள் இல்ல, இனிமேதான் எடுக்கப் போறாங்களாம். லேப் நல்லா இருக்கு. படிச்சு முடிச்சதும் வேலை வாங்கித் தர்றதுல இவங்க கொஞ்சம் மந்தம்தான்னு தோணுது. அதையும் தெரிஞ்சுக்கிட்டுச் சேரு."

"அப்போ கையெழுத்துப் போடுவீங்களா?"

"எங்க போடணும்?"

அவள் பேனாவை எடுத்து நீட்டினாள். அலுவலகத்து அம்மாள், "அப்பா என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார். மைக் சார் வாயைத் திறப்பதற்குள் சிட்டு சொன்னாள்: "வாத்தியார். வேற காலேஜ்ல."

ரயிலில் திரும்பும்போது இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். பாதி வழியில் திடீரென்று கேட்டாள்.

"அந்தம்மாகிட்ட என்ன சொல்லப் போறீங்க?"

"எந்தம்மா?"

"உங்களைக் கேள்வி கேட்டவங்க. கணக்கு மேடம் அம்மாகிட்ட எல்லாம் சொன்னாங்களாம். உங்களை நம்பி அவங்க பையனை அங்க சேர்க்கறாங்களாமே."

மைக் சார் அதை மறந்துவிடவில்லை. இரண்டு நாளாக அதன் பக்கம் போகாமல் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார், அவ்வளவுதான்.

மறுநாள் முதல் வேலையாக முதல்வர் அறைக்குப் போனார். போர்டு வேண்டாம், மகள் வேறு இடத்தில் சேர்ந்துவிட்டாள் என்றார். முதல்வர் மேசைமேல் இருந்த கண்ணாடி உருண்டையை உருட்டிக்கொண்டே கேட்டார்.

"சரி, அது உங்க வீட்டு விஷயம். வாயை மூடிக்கிட்டு இருந்தா யாருக்கும் ஒண்ணும் தெரியாது. அப்புறம் என்ன?"

"ஒரு அம்மா எலக்ட்ரானிக்ஸ்ல பையனைச் சேர்த்திருக்காங்க. அவங்களுக்கு மட்டும் நான் சொல்லியாகணும் சார்."

உருண்டை நின்றது. "ஒருத்தருக்குச் சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி. வரிசையில நின்னவங்க எத்தனை பேர் கழண்டுக்குவாங்க தெரியுமா? நாம ஒண்ணும் யாரையும் ஏமாத்தலய்யா. எங்கேயும் இடம் கிடைக்காததுங்களுக்கு இடம் குடுக்கறோம்."

"அதையே சொல்லிட்டுக் குடுக்கலாமே சார். கணக்குப் பிரிவு நல்லா இருக்கு, தாராளமா வாங்கன்னு சொல்லலாம். எலக்ட்ரானிக்ஸுக்கு ஆள் போடற வரைக்கும் வராதீங்கன்னு சொல்லலாம்."

"நல்லாத்தான் இருக்கும் நாடகத்துக்கு. அடுத்த வருஷம் மைக் உங்க கையில இருக்காது. கணக்கு மேடம்கிட்ட குடுத்துடுவேன்."

"குடுங்க சார். அவங்க நல்லா பேசுவாங்க" என்றார் அவர்.

சேர்க்கைப் படிவத்தில் முகவரி பார்த்துக்கொண்டு நேராகச் சலவைக் கடைக்குப் போனார். அது நீளமான, குறுகலான கடை. ஒரு பக்கம் சுவரோடு பெரிய இயந்திரங்கள் வயிற்றுக்குள் துணிகளைப் புரட்டிக்கொண்டிருந்தன. கூரைக் கம்பியில் சட்டைகள் வரிசையாகத் தொங்கின. உள்ளே காலடி வைத்ததுமே அவர் கழுத்தெல்லாம் வியர்த்துவிட்டது. அந்த அம்மாள் நீராவி இஸ்திரிப் பெட்டியால் ஒரு கோட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மகன் பின்னால் துணிகளுக்குச் சீட்டுக் குத்திக்கொண்டிருந்தான்.

"அட, சார்! வாங்க வாங்க. டேய், நாற்காலி எடு."

"வேணாம்மா. நின்னே சொல்லிடறேன். உக்காந்தா சொல்ல மாட்டேன்." ஒரு மூச்சு இழுத்தார். "அன்னைக்கு மேடையில நான் பொய் சொன்னேன். என் பொண்ணு எங்க காலேஜ்ல சேரல. சேர்க்கறதா நான் நெனைக்கவே இல்ல."

இஸ்திரிப் பெட்டி கோட்டின்மேல் நின்றுவிட்டது. ஒரு நொடி. மகன் ஓடி வந்து, "அம்மா, கோட்டு!" என்றான். அவர் பெட்டியைத் தூக்கி நிறுத்தி வைத்தார். ஓடிக்கொண்டிருந்த இயந்திரங்களை ஒவ்வொன்றாக அணைத்தார். கடை முழுக்க அமைதியாகிவிட்டது.

"பொய்யா?"

"ஆமா."

"ஸ்டேஷன் காலேஜ்ல கிடைச்சதை விடறேன்னு உங்ககிட்டதானே சொன்னேன். அப்பவும் வாயைத் திறக்கல நீங்க."

"திறக்கல."

"மைக் குடுத்தா மட்டும்தான் பேச்சு வருமா உங்களுக்கு?"

சப்பைக்கட்டு கட்ட மைக் சாருக்கு எவ்வளவோ இருந்தது; ஒன்றும் கட்டவில்லை.

"காலையில அங்க போன் பண்ணி விசாரிச்சேன்" என்றார். "இவன் இடத்தை இன்னும் யாருக்கும் தரல. இந்த வாரம் முடியறதுக்குள்ள போனா வாங்கிக்கலாம்."

"அதை நான் பாத்துக்கறேன். இப்போ மைக் இல்லாம சொல்லுங்க. இவனை உங்க காலேஜ்ல விடலாமா, கூடாதா?"

அவர் சொன்னார். எலக்ட்ரானிக்ஸில் இரண்டு வாத்தியார் இடம் காலி. ஆய்வகத்தில் பாதிக்கு மேல் ஓடாது. அது வேண்டுமென்றால் ஸ்டேஷன் கல்லூரிதான் நல்லது. கணக்கு என்றால் இங்கேயே இருக்கலாம். கணக்கு மேடம் விடமாட்டார், சுமாராக வந்தவர்களைக்கூடக் கரையேற்றிவிடுவார். சொல்லச் சொல்ல அவர் பேச்சு எப்போதும்போல அலங்காரமாக வரவில்லை; தட்டித் தடுமாறித்தான் வந்தது. அந்த அம்மாள் குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும் மகன் பக்கம் திரும்பினார்.

"கேட்டியா? உனக்கு எது வேணும்?"

பையன் கையிலிருந்த சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எலக்ட்ரானிக்ஸ்தாம்மா. கணக்கு என்னால ஆகாது."

"அப்போ சட்டையை மாத்து. ஸ்டேஷன் பக்கம் போகணும்." அவர் நீல அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். கோட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தோள்பட்டையில் பெட்டிச் சூடு பட்ட இடம் மங்கலாகப் பளபளத்தது. "இதுக்கு வேற பதில் சொல்லணும் நான்" என்று முணுமுணுத்தார்.

மைக் சார் வாசல் பக்கம் நகர்ந்தார். நன்றி சொல்வார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. அந்த அம்மாள் சொல்லவும் இல்லை. கதவருகே வந்ததும் மட்டும் பின்னாலிருந்து குரல் வந்தது.

"சார், உங்க பொண்ணு எந்தக் காலேஜ்?"

அதே கேள்வி. ஆனால் இப்போது அவர் நின்று திரும்பினார்.

"துறைமுகத்துப் பக்கம் சின்னதா ஒண்ணும்மா. பேர் சொன்னா உங்களுக்குத் தெரியாது. அவளேதான் போய்ப் பாத்துச் சேர்ந்தா."

"உங்களோட பேசறாளா?"

"கையெழுத்துப் போடறதுக்குப் பேனா குடுத்தா" என்றார் மைக் சார்.

அந்த அம்மாள் கடைச் சாவியை எடுத்துக்கொண்டு, மகனுக்கு வழிவிட்டு நின்றார். "நானா இருந்தா அதுகூடக் குடுத்திருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, ஷட்டரை இழுத்துவிடக் குனிந்தார். பாதி வழியில் அது சிக்கிக்கொண்டது. மைக் சார் வந்து மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.